எனக்குப் புடவையே போதும், சார்

ஒரு பெண் என்ன உடுத்த வேண்டும் என்பது பற்றி, அந்தப் பெண்ணைத் தவிர மற்ற எல்லோருக்கும் திடமான ஒரு கருத்து இருக்கும். இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. குரோம்பேட்டையில், அடை மழையில், சம்கி வைத்த சுடிதாரோடு நின்று தெரிந்துகொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. டிகிரி முடித்த திமிரும் வேலை கிடைத்த பயமும் என்னிடம் சரிபாதி இருந்த காலம். குரோம்பேட்டை ஸ்டேஷனிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்த ஒரு மெட்ரிகுலேஷன் பள்ளியில் யூ.கே.ஜி. டீச்சராக இருந்தேன். தற்காலிக வேலைதான். "பொங்கலுக்கு அப்புறம் பெர்மனன்ட் பண்றதைப் பத்தி யோசிக்கலாம்" என்று பிரின்சிபல் மேடம் சொல்லியிருந்தார். அந்த 'யோசிக்கலாம்' என்ற வார்த்தையை நம்பித்தான் பெருங்களத்தூரில் எங்கள் வீட்டு உலை கொதித்துக்கொண்டிருந்தது. ஏனென்றால் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலையை ஆடி மாதத்திலேயே இழுத்து மூடிவிட்டார்கள். கதவடைப்பு.

அப்பா அங்கே ஃபிட்டர். அதைவிட முக்கியமாக, தொழிற்சங்கத்தின் கிளைச் செயலாளர். ("ஃபிட்டர் வேலை சம்பளத்துக்கு, செயலாளர் வேலை சந்தோஷத்துக்கு" என்பாள் அம்மா.) தினமும் காலையில் ஷிப்ட் தொடங்கும் முன்பு ஆலை வாசலில் வாயிற்கூட்டம் போட்டுப் பழகிய மனிதர். ஆலை மூடியபின் முதல் மாதம் மூடிய கேட்டின் முன்னாலும் கூட்டம் போட்டார். அப்புறம் ஆட்கள் குறைந்தார்கள். ஒருவர் ஆட்டோ ஓட்டப் போனார், இன்னொருவர் மச்சானின் மளிகைக் கடைக்குப் போனார். கார்த்திகை வந்தபோது அப்பா வீட்டில் உட்கார்ந்து பழைய துண்டறிக்கைகளை மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தார். கோஷம் போட்ட தொண்டையால் "காபி இருக்கா?" என்றுகூடச் சத்தமாகக் கேட்கமாட்டார்.

பள்ளியில் ஆசிரியைகளுக்குப் புடவை கட்டாயம். எங்கும் எழுதி வைக்கவில்லை. எழுதவேண்டிய அவசியமே இல்லாத சட்டம் அது. "ஆள் பாதி, ஆடை பாதி" என்று பிரின்சிபல் மேடம் வாரம் ஒரு தடவையாவது சொல்வார். அவருடைய காட்டன் புடவைக்குப் போட்டிருக்கும் கஞ்சியில் ஒரு குடும்பம் காலை ஆகாரத்தை முடித்துக்கொள்ளலாம். மேடம் உட்கார்ந்த பிறகும் புடவை கொஞ்ச நேரம் நின்றுகொண்டுதான் இருக்கும்.

அந்த வருஷ மழை பெருங்களத்தூரை ஏரியோடு சேர்த்துவிட்டது. எங்கள் தெருவில் முழங்கால் தண்ணீர். நான் புடவையை ஒரு கையிலும் செருப்பை ஒரு கையிலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவேன். குடையைத் தாடையில் இடுக்கிக்கொள்வேன். (நம்புங்கள், அப்படியும் நடக்க முடியும்.) சாயங்காலம் வந்தால் எல்லாவற்றையும் பிழிந்து கொடியில் போடவேண்டும். புடவை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். உள்ளே பாவாடை என்று ஒன்று இருக்கிறது. புடவை ஃபேனுக்கடியில் காய்ந்துவிடும். பாவாடை காயாது. அதன் நாடா இருக்கிறதே, அது சித்திரையில்தான் காயும்.

அந்த வெள்ளிக்கிழமை காலை வீட்டில் இருந்த பாவாடைகள் எல்லாமே ஈரம். கரண்ட் வேறு இல்லை, அயர்ன் போட வழியில்லை. அம்மா ஒரு பாவாடையை எடுத்துப் பம்ப் ஸ்டவ்வின் மேல் அப்பளம் சுடுவதுபோல இப்படியும் அப்படியும் காட்டினாள். அப்பளம் போலவே அது நடுவில் கருகியது.

"என்னால ஆனது இவ்ளோதான்டி. லீவு போட்டுடு" என்றாள் அம்மா.

தற்காலிக வேலையில் லீவு போட்டால் 'யோசிக்கலாம்' என்பதை மேடம் வேறு விதமாக யோசித்துவிடுவார். டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். சித்தி பெண்ணின் நிச்சயதார்த்தத்துக்குத் தைத்த சுடிதார் ஒன்று மட்டும் மொரமொரவென்று காய்ந்து, நாப்தலீன் உருண்டை வாசத்தோடு இருந்தது. மயில்கழுத்து நிறம். கழுத்து முழுக்க சம்கி, துப்பட்டா ஓரத்தில் குட்டிக் குட்டி மணிகள். நடந்தால் ஜல் ஜல்லென்று சத்தம் வரும்.

இன்று யோசித்தால், கருகின பாவாடையோடே போயிருக்கலாம். உள்ளே இருப்பது யாருக்குத் தெரியப்போகிறது? புத்தி வேலை செய்யவில்லையே. வேலியில் போன ஓணானை எடுத்து நானே என் துப்பட்டாவில் முடிந்துகொண்டேன்.

வகுப்பில் நுழைந்ததும் யூ.கே.ஜி. முழுக்க எழுந்து நின்று "மிஸ், ஹாப்பி பர்த்டே!" என்று கத்தியது. எங்கள் பள்ளியில் பிறந்தநாள் குழந்தை மட்டும்தான் கலர் டிரஸ் போட்டுக்கொண்டு வரலாம். சம்கி வைத்துக்கொண்டு வந்தால் பிறந்தநாள்தான், வேறென்ன? இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். ஒரு பொடியன் கையை நீட்டி, "அப்போ சாக்லேட் எங்க மிஸ்?" என்று நியாயம் கேட்டான். மொத்த வகுப்பும் கைதட்டி வாழ்த்துப் பாட ஆரம்பித்தது. பக்கத்து எல்.கே.ஜி.யும் சேர்ந்துகொண்டது. பாட்டு முடியும்போது வாசலில் பிரின்சிபல் மேடம்.

"உமா மிஸ், இது ஸ்கூலா, கல்யாண மண்டபமா?"

"மேடம், மழை... பாவாடை காயலை மேடம்."

இதைச் சொல்லும்போது மேடத்துக்குப் பின்னால் பி.டி. சார் நின்றுகொண்டிருந்ததை நான் கவனிக்கவில்லை. பாவாடை என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் பாவம், கூரையைப் பார்க்க ஆரம்பித்தார். அவர் போட்டிருந்தது நைந்துபோன டிராக் பேன்ட்டும், தொப்பையின் பாதியில் நின்றுபோன ஒரு பனியனும். அந்த உடையைப் பற்றி அந்தப் பள்ளியில் யாருக்கும் எந்தக் கருத்தும் இருந்ததில்லை.

குழந்தைகள் கண்ணில் படக்கூடாது என்று அன்று முழுக்க என்னை மேப்பும் குளோபும் வைக்கும் அறையில் உட்கார வைத்தார்கள். நான் அசையும்போதெல்லாம் துப்பட்டா மணி ஒலித்தது. அடுத்த பீரியட் என்று நினைத்து எட்டாம் வகுப்பு ஒரு தடவை எழுந்தே போய்விட்டதாம். சாயங்காலம் போகும்போது ஒரு கவரைக் கையில் கொடுத்தார்கள். உடை ஒழுங்கை மீறியதற்கு விளக்கம் கேட்டு ஒரு மெமோ.

அதற்குள் கேட்டில் பெற்றோர் மாநாடு நடந்துகொண்டிருந்தது. "மழைக்குத்தானே போட்டுட்டு வந்திருக்கு, போனாப் போகுது" என்று ஒரு கட்சி. "இன்னைக்கு சுடிதாரு, நாளைக்கு பேன்ட்டு. அப்புறம் நம்ம பசங்க யாரை மிஸ்னு கூப்பிடுவாங்க, யாரை சார்னு கூப்பிடுவாங்க?" என்று இன்னொரு கட்சி. ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டுவிட்டு, குடை பிடித்துக்கொண்டு பேசினார்கள். சனிக்கிழமை அந்த விவாதம் பால் பூத்துக்குப் போனது, ஞாயிற்றுக்கிழமை மீன் மார்க்கெட்டுக்குப் போனது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஒரே ஒரு நாள் போட்டதற்கு எனக்கு 'சுடிதார் மிஸ்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

நான் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். அம்மா கவரைப் பார்த்ததும், "இதை உங்கப்பா கண்ணுல காட்டாத" என்று அடுக்களைக்குள் தள்ளிக்கொண்டு போனாள். அதற்குள் அப்பா பின்னாலேயே வந்துவிட்டார்.

"இன்னாம்மா கையில?"

"ஒண்ணுமில்லப்பா. ஸ்கூல்ல ஒரு மெமோ."

மெமோ! மாதக்கணக்கில் அணைந்துகிடந்த அந்த முகத்தில் பளிச்சென்று விளக்கு எரிந்தது. கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"விளக்கம் குடுக்க எத்தினி நாள் டைம் குடுத்திருக்கான்?"

"குடுத்தது மேடம்பா."

"யாரா இருந்தா இன்னா? நிர்வாகம் நிர்வாகம்தான்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்பே அப்பா பக்கம் பக்கமாக ஒரு பதிலை எழுதி முடித்தார். 'நிர்வாகத்தின் எதேச்சதிகாரப் போக்கு' என்று தொடங்கி, 'தோழமையுடன்' என்று முடித்திருந்தார். நடுவில் பஞ்சப்படி பற்றி ஒரு பத்தி. "பழைய மனுலேருந்து கை தானா எழுதிடுச்சு" என்றார். நான் அதை வாங்கி மடித்து வைத்துவிட்டு, சனிக்கிழமை பள்ளிக்குப் போய், தப்புதான், இனிமேல் புடவையில்தான் வருவேன் என்று மேடத்திடம் சொல்லி முடித்துவிட்டு வந்தேன். வந்ததும் அப்பாவிடமும் சொன்னேன்.

"முடிஞ்சிடுச்சுப்பா. சாரி கேட்டுட்டேன். விட்டுடு."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "உன்னை மிரட்டி வாங்கியிருக்காங்க. இது செல்லாது" என்றார்.

மழை விட்டாலும் தூவானம் விடாது என்பார்கள். எங்கள் வீட்டில் தூவானம் சட்டையை மாட்டிக்கொண்டு சங்கத்துத் தோழர்களைப் பார்க்கப் போய்விட்டது.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் பேச்சுக் குரல் கேட்டது. அப்பாவின் கூட்டாளி எத்திராஜ் மாமாவின் குரல். ஆலையில் கோஷம் போடுகிறவர் அவர்தான். பல்லாவரத்தில் கத்தினால் மீனம்பாக்கத்தில் விமானம் இறங்கத் தயங்கும் என்பார்கள்.

"சுடிதாருன்றது இன்னாபா? அந்த பைஜாமா மாரி கீதே, அதுவா?"

"அதான்."

"எம்பொண்ணு அத்தப் போட்டுகினு தெருவுல எறங்குனா காலை ஒடச்சிருவேன்."

"டேய் எத்திராஜ், இது உரிமைப் பிரச்சினைடா."

"உரிமைன்னு வந்துட்டா அது வேற. வூட்டுல பேசறது வேற" என்று எத்திராஜ் மாமா ஒத்துக்கொண்டார்.

நான் இதைக் கேட்டுச் சிரித்தேன் என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். கிழவர்கள் பொழுதுபோகாமல் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, மறுநாளுக்கு வேண்டிய பாவாடையை அயர்ன் செய்துகொண்டிருந்தேன். வெளியே போய், "அப்பா, வேண்டாம், என் வேலையே போயிடும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

திங்கட்கிழமை காலைப் பிரார்த்தனை. எங்கள் பள்ளி மைதானம் ரோட்டைப் பார்த்தாற்போல இருக்கும், நடுவில் கம்பி கேட் மட்டும். அன்று மைக்கில் உறுதிமொழி சொல்லிக் கொடுக்கும் முறை என்னுடையது. இஸ்திரி போட்ட புடவையில், மடிப்புக்கு மடிப்பு பின் குத்தி, மேடம் பார்த்து லேசாகத் தலையசைக்கும் அளவுக்கு லட்சணமாக நின்றேன். நான் ஒரு வரி சொல்வேன், பள்ளி முழுவதும் வலது கையை நீட்டிக்கொண்டு திருப்பிச் சொல்லும். சின்னக் குழந்தைகளுக்கு அர்த்தமெல்லாம் தெரியாது. முன்னால் ஒரு குரல் கேட்டால் பின்னால் சொல்லவேண்டும், அவ்வளவுதான் பயிற்சி.

கடைசி வரியைச் சொல்லி முடித்து மூச்சு வாங்கினேன். அந்த ஒரு மூச்சு இடைவெளியில் கேட்டுக்கு வெளியிலிருந்து எத்திராஜ் மாமாவின் குரல் வந்தது.

"வேண்டும்! வேண்டும்!"

நீட்டின கையை இறக்காமலேயே மொத்தப் பள்ளியும் திருப்பிச் சொன்னது: "வேண்டும்! வேண்டும்!"

"சுடிதார் அணியும் உரிமை வேண்டும்!"

"சுடிதார் அணியும் உரிமை வேண்டும்!"

பையன்களும்தான். எட்டாம் வகுப்பில் மீசை அரும்பின பையன்கள் எல்லோரையும்விடச் சத்தமாகக் கேட்டார்கள். தமிழில் பேசினால் முட்டி போட வைக்கும் இங்கிலீஷ் மீடியம் பள்ளி அது. அங்கே அவ்வளவு சுத்தமான தமிழ் அதற்கு முன்பும் ஒலித்ததில்லை, பின்பும் ஒலித்ததில்லை.

கேட்டுக்கு வெளியே எத்திராஜ் மாமா திகைத்துப்போய்விட்டார். ஆலை வாசலில் எத்தனை வருஷம் கத்தியிருப்பார்! இப்படி ஒரு எதிரொலி அவர் வாழ்க்கையில் வந்ததே கிடையாது. உற்சாகத்தில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பழக்கதோஷத்தில் அடுத்த கோஷம் தானாக வாயில் வந்துவிட்டது.

"வழங்கிடு! வழங்கிடு! நிலுவை போனஸை வழங்கிடு!"

யூ.கே.ஜி. போனஸ் கேட்டது. எல்.கே.ஜி. இன்னும் உருக்கமாகக் கேட்டது. பின்வரிசையில் நின்ற தமிழ் மிஸ்ஸின் உதடுகூட அசைந்ததை நான் மேடையிலிருந்து பார்த்தேன். (எங்களுக்கும் அந்த வருஷம் தீபாவளி போனஸ் வரவில்லை.)

மேடம் மைக்கைப் பிடுங்கி "ஸ்டாப் இட்!" என்று கத்தினார். பள்ளி முழுக்க "ஸ்டாப் இட்!" என்று திருப்பிக் கத்தியது.

இதெல்லாம் இன்றைக்குச் சொல்லும்போது எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்கள். அன்றைக்கு நான் மேடையில் நின்றபடி கேட்டையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே நாலைந்து பேர். சட்டைப் பையில் ஊக்கு குத்திய கோரிக்கை அட்டை. ஒருவர் கையில் பழைய பேனர். ஆலையின் பெயர் எழுதிய இடத்தில் மட்டும் வெள்ளைக் காகிதம் ஒட்டியிருந்தது. எல்லோருக்கும் முன்னால் அப்பா. தூறலில் நனைந்த வெள்ளைச் சட்டை, காலர் கிழிந்ததைத் திருப்பித் தைத்தது. ஒரு செருப்பின் வார் அறுந்து சணல் கயிற்றால் கட்டியிருந்தார். முகம் மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்தவர்போல இருந்தது. சுற்றி ஸ்கூட்டர்களை நிறுத்திவிட்டுப் பெற்றோர்கள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மேடம் கேட்டுக்குப் போனார். என்னையும் கையசைத்துக் கூப்பிட்டார்.

"யார் நீங்கள்லாம்?" என்று அவர் கேட்டதற்கு அப்பா கையைக் கூப்பினார். "வணக்கம்மா. நாங்க தொழிற்சங்கத்துலேருந்து வரோம். பேச்சுவார்த்தைக்குத் தயாரா இருக்கோம்."

என் அப்பா என்று சொல்லிக்கொள்ளவில்லை. சொந்தக்காரன் என்று தெரிந்தால் கோரிக்கையின் பலம் போய்விடும் என்று சங்கத்தில் ஒரு பாடம் உண்டாம். பின்னால் அவரே சொன்னார்.

மேடம் என் பக்கம் திரும்பினார். "உமா மிஸ், இவங்களை நீங்கதான் வரச் சொன்னீங்களா? இவங்க யாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சம்பளம் வரும் ஒரே ஆள் நான். பொங்கலுக்கு இன்னும் கொஞ்ச நாள்தான். இது எல்லாம் மனதில் ஓடியது உண்மை. ஆனால் முதலில் ஓடியது இது இல்லை. அந்தச் சணல் கயிறு கட்டிய செருப்பை ஸ்கூட்டர்காரர்கள் எல்லோரும் பார்க்கிறார்களே என்பதுதான் முதலில் ஓடியது. வெட்கம். மேடத்துக்குப் பயந்தேன் என்று இத்தனை வருஷம் எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். பயம் இல்லை, வெட்கம்தான்.

வீட்டில் அவரை 'நீ, வா, போ' என்றுதான் கூப்பிடுவேன். அன்றைக்கு வாயைத் திறந்தேன்.

"சார், தயவுசெஞ்சு போயிடுங்க. எனக்குப் புடவையே போதும், சார்."

ஒரு தடவை இல்லை. சார் என்று இரண்டு தடவை சொன்னேன்.

எத்திராஜ் மாமா வாயைப் பிளந்தார். "இன்னா உமா, அப்..." என்று ஆரம்பித்தவரின் கையை அப்பா பிடித்து அழுத்தினார். என்னை நிமிர்ந்து பார்த்தார். ஒரு கணம் அந்த முகத்தில் இருந்த கல்யாண வீடு காலியானது. உடனே சமாளித்துக்கொண்டார்.

"சரிங்க டீச்சர்" என்றார். என்னைப் பார்த்து, 'ங்க' போட்டு. பிறகு தோழர்களிடம் திரும்பி, "வாங்கப்பா. இங்க பிரச்சினை எதுவும் இல்லியாம்" என்று சொல்லிவிட்டுப் பேனரைத் தானே சுருட்டிக்கொண்டார்.

அவர்கள் நடக்க ஆரம்பித்தார்கள். எங்கள் பள்ளியில் வெளியாள் யார் வந்துவிட்டுப் போனாலும் குழந்தைகள் நன்றி சொல்லவேண்டும் என்று பழக்கியிருந்தோம். நான்தான் என் யூ.கே.ஜி.க்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். கேட்டில் யாரோ திரும்பிப் போவதைப் பார்த்ததும் மொத்தக் கூட்டமும் ராகம் போட்டு இழுத்தது.

"தேங்க்... யூ... சா...ர்ர்!"

அப்பா திரும்பிப் பார்த்து, குழந்தைகளுக்குக் கையாட்டிவிட்டுப் போனார். ஒரு பக்கம் செருப்பு இழுத்துக்கொண்டே போனது.

"வெரி குட், உமா. நல்லா ஹேண்டில் பண்ணீங்க" என்றார் மேடம். பொங்கலுக்குக் காத்திருக்கவில்லை. அந்த மாதமே என்னைப் பெர்மனன்ட் ஆக்கிவிட்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போக எனக்குக் கால் வரவில்லை. வண்டி மாறவேண்டிய தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கி, ஏறவேண்டிய ரயில்களைப் போகவிட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் போனால், அப்பா வாசலிலேயே இருந்தார். நான் பேச வாயெடுப்பதற்குள் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "ஏம்மா, டீச்சர் வந்திருக்காங்க பாரு. சூடா காபி குடு. சாருக்கும் ஒரு டம்ளர்."

அம்மா ஒன்றும் புரியாமல் காபியோடு வந்தாள். நான் அழுதேன். "மன்னிச்சிடுப்பா" என்று சொல்லியிருக்கவேண்டும், அழுகையில் அது வரவில்லை. அவர், "காபி ஆறுது" என்றார்.

அப்புறம் அந்தக் கதையை ஊர் முழுக்கச் சொன்னவர் அப்பாதான். எத்திராஜ் மாமாகூட அவ்வளவு சொல்லவில்லை. யூ.கே.ஜி. போனஸ் கேட்டதை நடித்தே காட்டுவார். கடைசி இடம் வரும்போது மட்டும், "எம்பொண்ணு படா கில்லாடிப்பா. அப்பான்னு சொன்னா வேலை போயிடும்னு ஒரு செகண்டுல கணக்குப் போட்டு, சார்னு ஒரே போடா போட்டுச்சு பாரு! அவ்ளோ பெரிய நிர்வாகத்தையே ஏமாத்திடுச்சு!" என்று முடிப்பார். நான் போட்டது அந்தக் கணக்கு இல்லை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும் என்றுதான் நினைக்கிறேன். இருந்தாலும் கேட்பவர்களோடு சேர்ந்து நானும் சிரித்து வைத்தேன்.

எங்கள் பள்ளியில் சுடிதார் எப்போது வந்தது என்று கேட்கிறீர்களா? மேடத்தின் மருமகள் கம்ப்யூட்டர் டீச்சராகச் சேர்ந்தபோது வந்தது. துப்பட்டாவை இரண்டு தோளிலும் பின் குத்தினால் போதும் என்று ஒரே நாளில் சர்க்குலர் வந்துவிட்டது. கோஷமும் இல்லை, பேனரும் இல்லை. நான் மட்டும் கடைசிவரை புடவைதான். அதில் என்ன வீராப்பு என்று கேட்டால் எனக்கே பதில் தெரியாது.

ஆலை திறக்கவே இல்லை. அப்பா கொஞ்ச காலம் கழித்து, சேலையூர் பக்கம் புதிதாகக் கட்டிய ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன் வேலைக்குப் போனார். நீலச் சட்டை, விசில், ஒரு தொப்பி. தொப்பி தலைக்கு ரொம்பப் பெரிசு. குனிந்தால் மூக்கில் வந்து உட்காரும். கார் வரும்போதெல்லாம் அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டு இன்னொரு கையால் கேட்டைத் திறப்பார். அவருடைய பழைய ஆலையில் இப்படி ஒரு தொப்பியைக் கொடுத்திருந்தால் மூன்று நாள் வேலை நிறுத்தம் நடந்திருக்கும்.

"தொப்பி வேணாம்னு அவங்க கிட்ட சொல்லேன்பா" என்றேன் ஒரு நாள். சண்டை போடுவார் என்று ஆசையாகக்கூட இருந்தது.

"எதுக்கு டீச்சர்? எனக்குத் தொப்பியே போதும்" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார், சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எங்கள் வீட்டில் அது நிரந்தர வசனமாகிவிட்டது. பந்தியில் பாயசம் வேண்டாம் என்றால் "எனக்கு மோரே போதும், சார்." ஜவுளிக் கடையில் பட்டுக்கு அழைத்தால் "எனக்கு நூலே போதும், சார்." என்னைப் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளை மரியாதையாக, "சார், உட்காருங்க" என்று அப்பாவிடம் சொல்ல, வீடே விழுந்து விழுந்து சிரித்தது. பாவம் அவர், தன் பேன்ட்டில்தான் ஏதோ கோளாறு என்று குனிந்து பார்த்துக்கொண்டார். என் பிள்ளைகள் பேசக் கற்றுக்கொண்டதிலிருந்து அப்பாவுக்கு 'சார் தாத்தா' என்றுதான் பெயர். அவர் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. திதி அன்று இலை போட்டால், "சார் தாத்தாவுக்கு வடை வெச்சாச்சா?" என்று பேரப்பிள்ளைகள் கத்துகிறார்கள். எல்லோரும் சிரிக்கிறார்கள். நான்தான் முதலில் சிரிப்பேன். இல்லாவிட்டால் என் முகத்தை யாராவது பார்த்துவிடுவார்கள்.

டீச்சர் வேலையில் தினமும் யாராவது ஒரு குழந்தையின் தகப்பனார் கேட்டில் வந்து நிற்பார். தயங்கித் தயங்கி, செருப்பை வெளியே விடலாமா, போட்டுக்கொண்டு வரலாமா என்று பார்ப்பார். மற்ற டீச்சர்கள் எல்லோரும், "வாங்க சார்" என்பார்கள். எனக்கு அது வராது. "திவ்யா அப்பா, வாங்க", "கார்த்திக் அப்பா, உட்காருங்க" என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். இது என்ன பட்டிக்காட்டு வழக்கம் என்று புதிதாக வந்த டீச்சர்கள் சிரித்தார்கள். பேர் ஞாபகம் இருப்பதில்லை என்று சொல்லிவிட்டேன். அந்த கேட்டில்தான், தினமும், யார் யாரையோ, அப்பா அப்பா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.